அந்த மூன்று மணித்தியாலம்



முசலிக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் கணவன் இரவெல்லாம் கடலில் நிற்கிறான். அல்லது வருடக்கணக்காக வெளிநாட்டில் உழைக்கிறான். வீட்டைப் பற்றி யாரோ ஒருவர் வாடியில் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். அது மெய்யோ பொய்யோ, அன்று முதல் அவனுக்கு உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. "மானமுள்ளவன் வெட்டத்தான் செய்வான், சட்டமும் அவனுக்கு இரங்கும்" என்று சொல்வோரும் நம்மிடையே உள்ளனர். சட்டம் உண்மையில் அப்படி இரங்குகிறதா? அதுவே இவ்வாரப் பாடம்.

பம்பாயில் நடந்தது

கவாஸ் நானாவதி இந்தியக் கடற்படையின் "மைசூர்" என்ற போர்க்கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. அவரும் கடலிலேயே பல நாட்களைக் கழித்தவர். 1959 ஏப்ரல் 27ஆந் திகதி, பிரேம் அகுஜா என்ற நண்பரோடு தமக்குத் தொடர்பு உண்டென மனைவி சில்வியா அவரிடம் ஒப்புக்கொண்டார்.

நானாவதி அவ்விடத்தில் யாரையும் அடிக்கவில்லை. மனைவி மக்களைச் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டுக் கப்பலுக்குப் போனார். பொய்க் காரணம் கூறி ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்றார். அகுஜாவை அவரது அலுவலகத்திலே தேடினார். அங்கே காணாமல் வீட்டுக்குச் சென்றார். அகுஜா சுடப்பட்டு இறந்தார். பின்னர் நானாவதி தாமாகவே பொலிசில் சரணடைந்தார்.

கைகலப்பில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று அவர் தரப்பில் வாதாடினர். ஊரும் பத்திரிகையும் அவர்பால் இரங்கின. யூரிமார் ஒன்பதின்மரில் எண்மர் அவரைக் குற்றவாளி அல்லர் என்றனர். நீதிபதி அத்தீர்ப்பை ஏற்க மறுத்து உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். 1960இல் அந்நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது நேரத்தை. அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டது பிற்பகல் 1.30 மணி, கொலை நடந்தது 4.20 மணி. ஏறத்தாழ மூன்று மணித்தியாலம்! மனத்தை அடக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் போதும் என்பதே தீர்ப்பு.

நமது சட்டம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியே நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் இயற்றப்பட்டது. அதன் 294ஆம் பிரிவு மனிதனின் பலவீனத்துக்கு ஓர் இடம் விடுகிறது. பாரதூரமான, திடீரென எழுந்த ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்தவன், அந்நிலையிலேயே கொன்றால் அது கைமோசக் கொலையாகும். அதற்கு 297ஆம் பிரிவின்படி இருபது ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். எனவே சட்டம் இரங்கும்போதுகூட அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை.

நாட்கணக்கில் நெஞ்சில் அடைகாத்த பொறாமையோடு கத்தி தீட்டிச் சென்று கொன்றவனின் நிலை வேறு. அது கொலைக் குற்றம்; 296ஆம் பிரிவின்படி தண்டனை மரணம். 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் அத்தண்டனை பெற்றவர் நீண்ட காலம் சிறைக்குள்ளேயே முதுமையடைகிறார். தீர்ப்புக்கு முன்னரும் விளக்கமறியல் உண்டு. கொலை வழக்கில் நீதவான் பிணை வழங்க முடியாது, மேல் நீதிமன்ற நீதிபதியே வழங்கலாம். அதற்கிடையில் வள்ளமும் வலையும் வழக்குச் செலவுக்குப் போய்விடும். பிள்ளைகளோ "கொலைகாரன் பிள்ளை" என்ற பெயரைச் சுமப்பார்கள்.

நானாவதி 1964இல் ஆளுநரின் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். அவர் பதவியும் செல்வாக்கும் உள்ளவர். ஏழைக் கடற்றொழிலாளி அந்த மன்னிப்பை நம்பிக் கத்தி எடுக்கலாமா? அந்த மன்னிப்பும் அகுஜாவின் உயிரை மீட்டுத் தரவில்லையே!

நாம் செய்ய வேண்டியது

சினத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள நேரத்தைச் சட்டம் குற்றவாளிக்கு எதிராகக் கணக்கிடுகிறது. நாமோ அதே நேரத்தை அவனைக் காப்பதற்குப் பயன்படுத்தலாம். காயீனுக்கும் வயல்வெளிக்குப் போகுமுன் எச்சரிக்கை கிடைத்தது, அவன்தான் செவிசாய்க்கவில்லை.

உங்கள் மச்சானோ, தம்பியோ, சம்மாட்டியோ முகம் கறுத்துத் திரிந்தால், "நமக்கேன் வீண் வம்பு" என்று விலகாதீர்கள். அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள். கத்தியை அப்புறப்படுத்துங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் தாய்வீட்டில் பாதுகாப்பாகச் சேர்ப்பியுங்கள். அவனைப் பெரியவரிடமோ பங்குக் குருவிடமோ அழைத்துச் செல்லுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் பொலிசில் அறிவியுங்கள். அது காட்டிக்கொடுப்பு அன்று, இரு உயிர்களைக் காப்பது. சந்தேகம் மெய்யானாலும் பிரிந்து வாழவும் வழக்காடவும் வழியுண்டு. செத்தவனை எழுப்பத்தான் வழியில்லை.

வீட்டில் கலந்துரையாட:

1. பிறர் குடும்பத்தைப் பற்றி நாம் வாடியிலும் கிணற்றடியிலும் சொன்ன எந்தச் சொல் ஒருவன் நெஞ்சில் நெருப்பாய் விழுந்திருக்கும்?

2. நம் வீட்டில் ஒருவருக்கு அந்த மூன்று மணித்தியாலம் வந்தால், அவர் முதலில் யாரிடம் ஓடி வருவார்?