இரண்டாவது ஊசி

அன்புள்ள மாணவிக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைத் தொழிலாளி ஒருவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. "இவருக்குச் சுகர் இல்லைதானே ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். கம்பெனி மெடிக்கலிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்களாம். இந்த 'சுகர் இல்லை'யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எதை வைத்து இல்லை என்கிறாய்? இரவெல்லாம் உண்ணாமல் இருப்பவரின் சர்க்கரை பெரும்பாலும் ஈரலின் கையில். சாப்பிட்டபின் வரும் சர்க்கரையைத் தசை வாங்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு முதலில் தடுமாறுவது அங்கேதான். காலை ஏழு மணி ரத்தம் அதை எப்படியம்மா காட்டும்?

2002இல் லான்செட்டில் வந்த ஸ்வீடன் ஆய்வை என் மாணவர்கள் எல்லோரும் என்னிடம் அலுக்க அலுக்கக் கேட்டிருக்கிறார்கள், நீயும் கேள். மாரடைப்போடு வந்த 181 பேர். நீரிழிவு உண்டென்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது குளுக்கோஸ் கரைசல் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். 31 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 35 சதவீதம் பேருக்கு அதன் முன்நிலை. மாரடைப்பின் அதிர்ச்சியில் சர்க்கரை ஏறும் என்று குறுக்கே பேசுவாய். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி அழைத்தார்கள். நீரிழிவு 25, முன்நிலை 40. கூட்டிப் பார், இரண்டு முறையும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! 2006இல் சீனாவில் 3,513 இதய நோயாளிகளைப் பார்த்தபோது, வெறும் வயிற்றுச் சோதனையோடு நின்றிருந்தால் புதிதாகப் பிடிபட்ட நீரிழிவில் ஐந்தில் நான்கு நழுவியிருக்கும் என்று தெரிந்தது.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்காதே. சென்னையில் திருமங்கலத்திலும் தி.நகரிலும் டாக்டர் மோகன் குழு செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தமனி நோய் சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 9.1 சதவீதம், முன்நிலையில் 14.9, நீரிழிவில் 21.4. நடுவில் இருக்கும் எண்ணைப் பார். நீரிழிவு என்று பெயர் வைக்கும் முன்பே இதயம் அடிவாங்கத் தொடங்கிவிடுமா என்று சான் அன்டோனியோவின் ஆய்வாளர் ஹாஃப்னர் 1990இலேயே கேட்டார். அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்து வாசிப்பேன். தலைப்பிலேயே அந்தக் கேள்வி.

2023 ஐரோப்பிய வழிகாட்டி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியோ (HbA1c) வெறும் வயிற்றுச் சர்க்கரையோ முதலில் போதும், ஐயம் வந்தால் கரைசல் என்கிறது. ஐயம் வரவேண்டுமே! அந்தச் சராசரியைக் குழப்பும் ரத்தசோகை மலிந்த ஊரில் அதைக் கண்ணை மூடி நம்ப நான் தயாரில்லை.

தெரிந்து என்ன பயன் என்று கேட்காதே. நீரிழிவு என்றால் மருந்துத் தேர்வே மாறும். முன்நிலை என்றால் உணவும் நடையும். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் 2006இல் காட்டியது: மூன்றாண்டில் நீரிழிவாக முற்றுவது 55 சதவீதத்திலிருந்து 39.3க்கு இறங்கியது.

அந்த உருக்காலைத் தொழிலாளியை வரச் சொல். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தால் ரத்தம் எடுக்காதே; வார விடுமுறையில், இரவு தூங்கி எழுந்து வரட்டும். அதற்கு முன் மூன்று நாள் வழக்கம்போல் சோறு சாப்பிடட்டும், பத்தியம் வேண்டாம். நீரற்ற குளுக்கோஸ் என்றால் 75 கிராம், மோனோஹைட்ரேட் என்றால் 82.5, டப்பாவைப் படித்துவிட்டு நிறுத்துக் கரை. இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்கவேண்டும், பீடிக்கு எழுந்து போகக் கூடாது. அதன்பின் இரண்டாவது ஊசியில் 140க்கு மேல் வந்தால் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்