மெத்தென்ற செருப்பு என்னும் மயக்கம்
குதிகால் வலிக்காரர் கடைக்குள் நுழைந்தால் கடைப்பையனுக்குத் தெரிந்துவிடும். "அழுத்திப் பாருங்கம்மா, பஞ்சு மாதிரி இருக்கும்" என்று ஒரு ஜோடியை நீட்டுவான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும், போட்டு நான்கு அடி நடந்தால் சுகமாகவும் இருக்கும். அந்தச் செருப்போடு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 600 ஹெக்டேர் பரப்பு. யானையைப் பார்த்துவிட்டுப் புலிக்கு வருவதற்குள் கால் கெஞ்சும்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலுக்கடியில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகால் சுரீரென்று வலித்தால், பெரும்பாலும் அந்தப் பட்டைதான் நொந்திருக்கிறது. மிக மெத்தென்ற அடிப்பாகம் எடை தாங்காமல் அமுங்கும். பாதம் உள்பக்கம் சாயும், பட்டை இன்னும் இழுபடும். மெத்தை வேண்டும்தான், ஆனால் அதற்கடியில் உறுதி வேண்டும்.

அதனால் நான் செருப்பைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே வளைத்துப் பார்த்துவிடுவேன். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தாலோ, எதிரெதிராக முறுக்கும்போது சுலபமாகத் திருகினாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பின்னால் வார் இருப்பது நல்லது. வார் இல்லாத ரப்பர் செருப்பு கழன்று போகாமலிருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே நடக்கும், நமக்கே தெரியாது. குதிகால் பக்கம் லேசாக உயர்ந்திருந்தால் நொந்த காலுக்கு இதம். முழுத் தட்டையும் ஆகாது, ஹை ஹீல்ஸும் ஆகாது.

வாங்கப் போவது சாயங்காலம். பகலெல்லாம் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சுற்றுலா போகிற காலின் உண்மையான அளவு. இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை, பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். புது ஜோடியைப் பயணத்தன்று தொடங்கிவைக்காதீர்கள். ஒரு வாரமாவது பக்கத்துக் கடைக்குப் போட்டுப் பழக்குங்கள்.

ஒரே செருப்பு எல்லா ஊருக்கும் சரிவராது. கோயில் என்றால் வெல்க்ரோ வைத்த சாண்டல்தான்: குனிந்து பக்கிள் மாட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். மத்தியான வெயிலில் கல்தரை சுடும். தடித்த சாக்ஸ் ஒன்றைப் பையில் வைத்திருப்பேன், நான் போன கோயில்களில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. குற்றாலத்துக்குத் தோல் செருப்பு வேண்டாம். மாமல்லபுரம் மணலில் குதிகால் புதையும். அங்கே நான் கரையோரம் உட்கார்ந்து பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருப்பவள்.

சர்க்கரை உள்ளவர்கள் கதை வேறு. உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. என் மாமியாருக்கு எம்.சி.ஆர். என்னும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புதான். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காக்கப் பயன்படுத்திய அதே ரப்பர். பார்க்கச் சுமாராக இருக்கும், கல்யாணத்துக்குப் போட அவருக்குக் கூச்சம். விரலிடுக்கில் வார் வராத, பின்வார் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். எடுத்துப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்" என்று பெரிதாக வாங்குவது நம் குடும்பங்களின் பரம்பரை வழக்கம். தடுக்கி விழுவதற்கு அதுவே போதும்.

வெளியே என்ன போட்டாலும், வீட்டில் டைல்ஸ் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நின்று சமைத்தால் வலி போகாது. "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று மாமியார் முகம் சுளித்தார். வாசல்படி தாண்டாத ஜோடி ஒன்றைத் தனியாக வாங்கிக் கழுவி வைத்தேன், சமையலறை வரைக்கும் அனுமதி கிடைத்தது. பூஜை அலமாரிப் பக்கம் இன்றும் கிடையாது. இத்தனைக்குப் பிறகும் சில வாரங்களில் வலி குறையவில்லை, அல்லது மரத்துப் போகிறது என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். போகும்போது பழைய செருப்பையும் எடுத்துப் போங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது அவருக்கும் உதவும்.