இருத்தலும் பிரிதலும்: நாட்டு முன்னேற்றத்தின் புகழுரிமை குறித்த பூசல் – இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஊர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாட்டின் முன்னேற்றத்திற்குக் காரணமானவர் அயல்நாடு சென்ற இந்தியரா, தாய்நாட்டிலேயே தங்கியவரா என்னும் பூசல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிகழ்ந்து வருகிறது. இதனைத் தமிழ் அகமரபின் உரிப்பொருள்களாகிய இருத்தல், பிரிதல், ஊடல் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் களச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. 'இருந்தவர்', 'சென்றவர்' என்பன நிலையான இரு இனங்கள் அல்ல என்பதும், இப்பூசலில் பேச வாய்ப்புப் பெறாத உழைப்பாளரே புகழ்ப் பங்கீட்டில் விடுபடுகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: இருத்தல், பிரிதல், ஊடல், புலம்பெயர்வு, புகழுரிமை, இராசபாளையம், திருவில்லிபுத்தூர்.

1. முன்னுரை

புகழும் ஒருவகைச் சொத்தே. நிலத்தையும் வீட்டையும் போலவே அதற்கும் உரிமை கோருவோர் உளர். பங்கு கேட்போர் உளர். பங்கு மறுக்கப்பட்டோரும் உளர். ஒரு நாடு வளர்ந்தது என்று சொல்லப்படும்போது 'யாரால்' என்ற வினா உடன் எழுகிறது. இந்தியச் சூழலில் இவ்வினா பெரும்பாலும் இரு தரப்பாருக்கு இடையே நிகழும் வழக்காக உருக்கொண்டுள்ளது. ஒரு தரப்பார் கடல் கடந்து பொருளீட்டியோர். மறு தரப்பார் ஊரில் இருந்து வரி செலுத்தி, வாக்களித்து, பஞ்சத்தையும் பணவீக்கத்தையும் தாங்கியோர். பொருளியலாரும் சமூகவியலாரும் இதனைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். செல்வோர்க்கும் இருப்போர்க்கும் இடையிலான உறவையே இலக்கியத்தின் நடுப்பொருளாகக் கொண்ட ஒரு மரபின் அளவுகோலால் இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு தரப்பின் வழக்கு

தங்கியோர் தரப்பின் முதல் வாதம் கல்வி பற்றியது. பொதுப்பணத்தில் பயின்ற பொறியாளரும் மருத்துவரும் தம் அறிவைப் பிற நாடுகளுக்குக் கொண்டு சென்றனர் என்பது அவர்தம் குறை. 1970களின் தொடக்கத்தில் பொருளியலறிஞர் ஜகதீஷ் பகவதி, வளர்ந்த நாடுகளுக்குக் குடிபெயரும் அறிவுத்துறையினரின் வருவாய்மீது வரி விதித்து அதனை வளரும் நாடுகளுக்குப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தது இக்குறையின் கருத்தியல் வடிவமாகும். சென்றோர் தரப்போ அவர்கள் அனுப்பும் பணத்தைச் சுட்டுகிறது. உலகிலேயே மிகுதியாக அயலகப் பணவரவு பெறும் நாடு இந்தியா. 2022ஆம் ஆண்டில் அவ்வரவு 10,000 கோடி டாலரைக் கடந்தது.

இவ்வழக்கில் இரு தரப்புக்கும் சான்றாவன 1991, 1998 ஆகிய ஈராண்டுகள். 1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது, அயல்வாழ் இந்தியர் தம் வைப்புத்தொகைகளைத் திரும்ப எடுத்தமை நெருக்கடியை மேலும் கடுமையாக்கியது. அவ்வாண்டு சூலையில் 47 டன் தங்கம் ஈடாக வெளிநாடு அனுப்பப்பட்டது. 1998இல் பொக்ரான் அணுச்சோதனையை அடுத்துப் பொருளாதாரத் தடைகள் வந்தபோது, அயல்வாழ் இந்தியரை நோக்கி வெளியிடப்பட்ட 'எழுச்சி இந்தியப் பத்திரங்கள்' 400 கோடி டாலருக்கும் மேலாகத் திரட்டின. தங்கியோர் முன்னதை நினைவூட்டுவர். சென்றோர் பின்னதை நினைவூட்டுவர். ஆயின் இரண்டுமே வைப்புத்தொகை, வட்டி, நம்பிக்கை ஆகியன சார்ந்த செயல்கள். முன்னதைத் துரோகம் என்றும் பின்னதைத் தியாகம் என்றும் பெயரிடுவது நிகழ்வுகளை விளக்காது. பெயரிடுவோரின் மனநிலையையே விளக்கும்.

அரசின் போக்கும் கருதத்தக்கது. 2003 முதல் கொண்டாடப்படும் அயல்வாழ் இந்தியர் நாளுக்கு சனவரி 9 தேர்ந்தெடுக்கப்பட்டது. 1915இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் வந்து சேர்ந்த நாள் அது. சென்றோரைப் போற்றுதற்குத் திரும்பியவரின் நாளே தகுந்ததாகக் கருதப்பட்டிருக்கிறது. பிரிவின் பெருமை மீட்சியால்தான் நிறைவுறும் என்னும் பழைய எண்ணம் இத்தேர்வில் ஒளிந்திருக்கிறது.

3. அகமரபின் அளவுகோல்

தொல்காப்பியம் அகத்திணைக்குப் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என ஐந்து உரிப்பொருள்களை வகுக்கிறது. உரையாசிரியர்கள் பிரிதலைப் பாலைக்கும் இருத்தலை முல்லைக்கும் ஊடலை மருதத்திற்கும் உரியவாகக் கொள்வர். இம்மூன்றும் இவ்வாய்வுக்கு இன்றியமையாதன.

முதலாவதாக, இருத்தல் என்பது செயலின்மை அன்று. தலைவன் வரும்வரை ஆற்றியிருந்து இல்லறத்தைக் காத்தல் தனித்ததொரு செயலாக, தனித்திணைக்குரிய பொருளாக மதிக்கப்பட்டுள்ளது. சென்றவன் வினைமுடித்தான், இருந்தவள் ஒன்றும் செய்திலள் என்று முல்லைப் பாடல் எதுவும் கூறுவதில்லை. இரண்டாவதாக, பிரிவு காரணத்தால் மதிப்புப் பெறுகிறது. ஓதல், பகை, தூது, பொருள் எனக் காரணங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. பொருள்வயிற் பிரிவிலும் ஈட்டும் பொருளின் பயன் ஈதலே என்று தலைவன் கூறுவதும், இழந்த இளமையைப் பொருள் மீட்டுத் தாராது என்று தோழி மறுப்பதும் பாலைப் பாடல்களில் பயின்றுவரும் வாதங்கள். செல்வோர் வழக்கும் இருப்போர் வழக்கும் ஒரே பாடல் மரபில் ஒருசேர ஒலிப்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவதாக, ஊடல் பகையினின்று வேறானது. உரிமையுடையோரிடத்தே மட்டும் ஊடல் நிகழும். அயலாரோடு ஊடுவார் இலர். திருவள்ளுவர் தம் நூலை ஊடலுவகை என்னும் அதிகாரத்தால் முடித்திருப்பதும் ஊடலின் பயன் உறவே என்பதை உணர்த்தும். அயல்வாழ் இந்தியரும் உள்நாட்டாரும் நிகழ்த்தும் பூசலை இவ்வகையில் ஊடலாகக் கொள்ள இடமுண்டு. தொடர்பு அற்றுப்போயிருப்பின் புகழில் பங்கு கேட்கும் தேவையே எழாது.

எனினும் இவ்வளவுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. அகமரபில் பிரிவு காலவரையறை உடையது. கார்ப்பருவத்தில் மீள்வேன் என்பது தலைவனின் உறுதிமொழி. கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்னும் வரையறையும் மீட்சியை உறுதிசெய்வது. குடும்பத்தோடு பெயர்ந்து பிறநாட்டுக் குடியுரிமை ஏற்போர்க்குக் கார்ப்பருவம் என்பது இல்லை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005 முதல் நடைமுறையில் உள்ள 'அயல்நாட்டு இந்தியக் குடிமகன்' என்னும் தகுதி, பெயரில் குடிமையைத் தரினும் வாக்குரிமையைத் தருவதில்லை. மாறாக, வளைகுடா நாடுகளில் உழைக்கச் சென்ற தமிழர் பெரும்பாலும் குடியுரிமை பெற வழியின்றி, பணம் அனுப்பி, இறுதியில் ஊர் திரும்புகின்றனர். பாலைத் திணையின் இலக்கணத்திற்கு மிக அணுக்கமானோர் இவர்களே. மேடைப் புகழில் கடைசி வரிசையில் நிற்போரும் இவர்களே.

4. இராசபாளையம்: வந்தவர் இருந்தவரான ஊர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை ஒட்டிய இராசபாளையம், தங்கியோரின் உழைப்பால் எழுந்த ஊர் என்று கூறத்தக்க தொழில்நகரம். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராசபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலை நிறுவனம் இவ்வூரின் தொழில் வரலாற்றில் ஒரு திருப்பம். பின்னாளில் சிமெண்டு முதலிய துறைகளுக்கு விரிந்த ராம்கோ குழுமத்தின் வித்து இதுவே. அயலகப் பணவரவை எதிர்நோக்காமல் உள்ளூர் முதலீட்டாலும் உள்ளூர்க் கைகளாலும் வளர்ச்சி இயலும் என்பதற்குத் தங்கியோர் தரப்பு இவ்வூரைச் சான்றாகக் காட்டலாம்.

ஆனால் இச்சான்று அத்தனை எளிதன்று. ஊருக்குப் பெயராகவும் தொழிலுக்கு முதலாகவும் விளங்கிய ராஜூக்கள் சமூகம் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டது. விசயநகர ஆட்சியின் தொடர்ச்சியாகத் தெற்கு நோக்கி வந்து குடியேறியது என்பது அதன் மரபு வரலாறு. இன்று இருந்தவராக எண்ணப்படுவோர் முன்பு சென்றவராக ஓர் ஊரை நீங்கியவர்கள். நீங்கிய ஊர் அவர்களை எண்ணி இரங்கியிருக்கவும் கூடும். தலைமுறைகள் கடந்தபின் பிரிதல் இருத்தலாக மாறுகிறது. நியூசெர்சியிலோ சிங்கப்பூரிலோ இன்று வாழும் தமிழ்க் குடும்பம் நாளை அந்நிலத்தின் இருந்தவராகும். அந்நிலத்து வளர்ச்சியில் பங்கு கோரும்.

பூ.ச. குமாரசாமி ராஜாவின் வாழ்வும் இவ்வகையில் நோக்கத்தக்கது. இராசபாளையத்தவரான அவர் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கினார். அவரது ஆட்சிக் காலத்திலேயே நாடு குடியரசானது. 1952 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். 1954இல் ஒடிசாவின் ஆளுநராகி ஊரை நீங்கினார். தம் இல்லத்தைக் காந்தி கலைமன்றத்திற்கு அளித்தார். ஊரில் இருந்து பணிசெய்தவர்க்கு வாக்கு எப்போதும் புகழாக வந்து சேர்வதில்லை என்பதும், ஊருக்கு ஒருவர் விட்டுச்சென்றது அவர் எங்கு வாழ்ந்தார் என்பதினும் நெடிது நிற்கும் என்பதும் இதனால் பெறப்படும்.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளின் விசைத்தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி அயல்நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. இங்கே நெய்தவர் இருக்கிறார். நெய்தது பிரிந்து செல்கிறது. அந்நியச் செலாவணி ஈட்டுதல் அயல்நாடு சென்றோர்க்கு மட்டுமே உரிய சிறப்பன்று என்பதற்கு இத்தறிகள் சான்று. ஆயினும் அயல்வாழ் இந்தியர் நாள் போன்றதொரு நாள் தறியில் நிற்பவருக்கு வகுக்கப்படவில்லை.

5. திருவில்லிபுத்தூர்: ஊர்விட்டுச் சென்ற கதை

இராசபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளது திருவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த இவ்வூரின் கதை, விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயரால் 16ஆம் நூற்றாண்டில் 'ஆமுக்தமால்யத' என்னும் தெலுங்குக் காவியமாயிற்று. தெலுங்கின் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அதன் கதைக்களம் தமிழகத்துச் சிற்றூர். திருவில்லிபுத்தூரின் புகழைத் தெலுங்கு நிலமெங்கும் பரப்பியதில் இவ்வூரில் வாழாத ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதே வேளையில், பாசுரங்களை நாள்தோறும் ஓதி வந்தோரும் கோயில் வழிபாட்டைக் காத்து வந்தோரும் இல்லையெனில் அவ்வேந்தர் பாடுதற்குக் கதையே எஞ்சியிராது.

இக்காவியம் தமிழுக்கு வந்த வழி இன்னும் பொருள் பொதிந்தது. இராசபாளையத்தைச் சேர்ந்த பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா இதனைத் தமிழாக்கினார். அதற்காக 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். தமிழ்நிலத்தில் பிறந்த கதை தெலுங்குக்குப் பெயர்ந்தது. தெலுங்கு நிலத்திலிருந்து பெயர்ந்த மரபில் வந்தவர் அதனை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தார். கதையும் பிரிந்தது, மக்களும் பிரிந்தனர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் அண்டை ஊரொன்றில் சந்தித்தன. இதில் புகழுரிமை ஆழ்வார்க்கா, வேந்தர்க்கா, மொழிபெயர்ப்பாளர்க்கா என்று பிரித்தல் இயலாது. ஒருவர் பங்கை நீக்கின் மற்றவர் பங்கும் குறையும்.

புகழை ஊருக்கே உரியதாக்கும் சட்டமுறை ஒன்றும் இவ்வூருக்கு அறிமுகமானது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், பெயரின் உரிமையைத் தனியொருவருக்குத் தராமல் அந்நிலத்து உற்பத்தியாளர் கூட்டத்திற்குத் தருகிறது. கறவை மாடு வளர்த்தோர், பால் கறந்தோர், விறகடுப்பின்முன் நின்று கிண்டியோர் எனப் பலர் கைபட்ட பொருளுக்கு ஒருவர் பெயர் பொருந்தாது என்னும் தெளிவு அதில் உள்ளது. நாட்டு முன்னேற்றம் இதனினும் பல கைபட்ட பொருள்.

6. கணக்கில் வாராதோர்

புகழ்ப் பூசலில் வழக்குரைப்போர் இரு தரப்பிலும் கல்வியும் மேடையும் வாய்த்தோர். தமிழிலக்கியம் வேறு சிலரையும் பதிவு செய்துள்ளது. பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாடலில் பிஜித்தீவின் தோட்டங்களில் துன்புற்ற பெண்களை எண்ணி இரங்கினார். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற மருதியின் கதையைச் சொல்கிறது. இவர்களும் அயல்நாடு சென்ற இந்தியரே.

இலங்கையின் தேயிலை வளத்தை உருவாக்கிய மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என விடப்பட்டனர். உழைத்த நாடு அவர்களை அயலார் என்றது. திரும்பிய நாடு அகதிகளைப்போல் நோக்கியது. இவ்விரு நாடுகளின் முன்னேற்றப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. இருத்தலும் பிரிதலும் அவர்களுக்குத் தேர்வுகளாக வாய்க்கவில்லை. சென்றோர் இருந்தோர் என்னும் பாகுபாட்டைவிட, புகழ் கேட்கும் வாய்ப்புப் பெற்றோர் பெறாதோர் என்னும் பாகுபாடு ஆழமானது என்பதை இவர்தம் வரலாறு காட்டுகிறது.

7. முடிவுரை

• இருத்தலும் பிரிதலும் ஒரே உறவின் இரு நிலைகள். இருத்தலைச் செயலின்மை என்றோ பிரிதலைத் துரோகம் என்றோ கொள்வதற்குத் தமிழ் அகமரபில் இடமில்லை.

• இராசபாளையத்தின் வரலாறு இன்றைய இருந்தவர் முன்னாளில் வந்தவரே என்பதைக் காட்டுகிறது. ஆகவே இரு தரப்பும் நிலையான எதிரெதிர் இனங்கள் ஆகா.

• திருவில்லிபுத்தூரின் காவிய வரலாறு, காத்தவரும் கொண்டு சென்றவரும் மீட்டுத் தந்தவரும் கூடியே ஓர் ஊரின் புகழை ஆக்குகின்றனர் என்பதை உணர்த்துகிறது.

• மீட்சிக்கான காலவரையறை இன்மையால் இன்றைய புலம்பெயர்வு முழுவதையும் பாலைத்திணைக்குள் அடக்குதல் இயலாது. வளைகுடா சென்று மீளும் உழைப்பாளரின் பிரிவே அத்திணைக்கு அணுக்கமானது.

• தோட்டத் தொழிலாளர், வளைகுடா உழைப்பாளர், தறித் தொழிலாளர் ஆகியோர் இப்பூசலின் இரு பக்கத்திலும் விடுபடுகின்றனர். அவர்களை எண்ணாத எந்தப் பங்கீடும் முறையான பங்கீடு ஆகாது.

ஊடல் உறவின் அடையாளமாய் இருக்கும்வரை இப்பூசலால் தீங்கில்லை. யாருடைய பங்கு பெரிது என்று வாதிடும் இருவரும் ஒரு கணம் நின்று, வாதிட வாய்ப்பற்ற மூன்றாமவரின் பங்கை எண்ணத் தொடங்குவரேல், அவ்வூடல் பயனுடையதாகும்.