ரியூஷன் கொட்டிலில் ஓர் ஆய்வுக் கேள்வி



ஒப்டோமெற்றியில் கலாநிதிப் பட்டம் செய்ய நினைக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முதலில் விரிப்பது உலகப் படத்தைத்தான். சிட்னியா, ஹொங்கொங்கா, வாட்டர்லூவா? ஸ்காபரோவில் சித்தப்பா இருக்கிறார் என்பதற்காகவே வாட்டர்லூ பக்கம் சாய்கிறவர்கள் உண்டு. கனடாக் குளிரில் சித்தி வைக்கிற ஒடியல் கூழும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மேற்பார்வையாளர் முதலில் கேட்கப்போவது உமது கேள்வி என்ன என்று.

கேள்வி உமது கண் பரிசோதனைக் கதிரையிலேயே வந்து இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. கரும்பலகை மங்கல் என்று தாய் கூட்டிவந்திருக்கிறார். “வாசிச்சு வாசிச்சுத்தான் கண் பழுதாப் போச்சு” என்கிறார். அது உண்மையா?

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கொஞ்சம் குழப்பிவிட்டது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், ஆறு ஏழு வயதுக்காரர், ஒப்பிடப்பட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதத்தினருக்கு மட்டும். பெற்றோரின் கண்களில் பெரிய வேறுபாடு இல்லை. சிட்னிப் பிள்ளைகள் வாசித்த புத்தகங்களோ கூட! பெரிய வேறுபாடு வெளியில் நின்ற நேரத்தில் இருந்தது: வாரத்துக்கு 13.75 மணித்தியாலம் சிட்னியில், 3.05 சிங்கப்பூரில். பிறகு சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே தினமும் 40 நிமிடம் வெளிநேரம் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், அப்படிச் செய்யாத பாடசாலைகளில் 39.5. முடிவு 2015இல் வெளிவந்தது.

இதையே யாழ்ப்பாணத்தில் திருப்பிச் செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். குடாநாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைக்குத்தான் வெயிலில் நிற்க நேரமில்லை. அதைவிடச் சிக்கலானது ரியூஷன் கொட்டில். மேலே கிடுகோ தகரமோ, பக்கங்கள் பாதி திறந்தபடி. அங்கே இருக்கிற பிள்ளை வெளியிலா, உள்ளேயா? சிட்னியில் தயாரித்த வினாக்கொத்தில் இதற்குக் கட்டம் இராது. வெட்டவெளியில் பகல் வெளிச்சம் 10,000 லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். வகுப்பறைக்குள் சில நூறுதான். கொட்டிலின் நடு வாங்கில் எவ்வளவு, ஓரத்து வாங்கில் எவ்வளவு? ஒளிமானியைக் கொண்டுபோய் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு நல்ல ஆய்வின் முதல் அத்தியாயம் அதற்குள் கிடக்கிறது.

அடுத்தது, கண்ணை அளக்கமுன் விடுகிற சொட்டு மருந்து. பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கிற தசை கிட்டத்துப் பொருளுக்குத் தானாகவே இறுகிக்கொள்ளும். சைக்ளோபென்ரொலேற் விட்டு அந்தத் தசையைத் தளர்த்தாமல் அளந்தால், இல்லாத கிட்டப்பார்வையும் கணக்கில் ஏறும். விட்டாலோ, மறுநாள் வரைக்கும் கிட்டத்து எழுத்து மங்கலாகலாம். பரீட்சைக்கு நெருக்கத்தில் எந்தத் தாய் சம்மதிப்பார்? சம்மதிக்காத தாய்மாரின் பிள்ளைகள்தான் அநேகமாகக் கூடுதலாகப் படிக்கிறவர்களாக இருப்பார்கள். அவர்கள் கழன்று போனால் உமது புள்ளிவிபரம் சத்தமில்லாமல் சாய்ந்துவிடும்.

அளக்கிற கருவியையே ஆய்வுப் பொருளாக எடுத்தவர்களும் உண்டு. 1985இல் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் கீழ், சென்னையில் தொடங்கிய எலைற் ஒப்டோமெற்றிக் கல்லூரியின் ஆய்வாளர்கள் தமிழ் எழுத்துகளில், பார்வைக் கூர்மையை அளக்கிற ஒரு லொக்மார் அட்டையை உருவாக்கி, 2009இல் வெளியிட்டார்கள். பார்க்கச் சின்ன வேலை போலத் தெரியும். ஒரே அளவில் அச்சடித்தாலும் ‘ப’வும் ‘ண’வும் ஒரே தூரத்தில் ஒரே தெளிவோடு தெரியாது. வாசிப்பில் ஒத்துப்போகிற எழுத்துகளைச் சோதித்துப் பொறுக்க வேண்டும். வரிக்கு வரி அளவு ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். இன்று வாசித்தவர் மறுமுறையும் அதே வரியில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்தப் பொறுமைதான் கலாநிதிப் படிப்பின் பெரும்பகுதி. சலிப்பாகத்தான் இருக்கும்.

மொழி விஷயத்தில் உமக்கு உள்ளூரிலேயே மூத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். ஆய்வேட்டை நீர் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர், அது சரி. ஆனால் சம்மதப் படிவத்தைத் தாய் வாசித்து விளங்க வேண்டும். முதலில் உமது அம்மம்மாவிடம் கொடுத்துப் பாரும்; அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த வசனத்தை மாற்றும்.

ஒரு நடைமுறைச் சங்கதி. நாளாந்தம் நீர் எழுதி வைக்கிற அளவுகளை நினைத்தபடி ஆய்வில் சேர்க்க முடியாது, யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருப்பது போன்ற ஓர் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பரீட்சை முடிந்த கையோடு அளவெடுப்பை வைத்தால் சொட்டு மருந்துக்கு முகம் சுளிக்கிற தாய்மார் குறைவார்கள். ஆகவே அனுமதிக்கான விண்ணப்பம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும்.