ஆறு நிமிடம், ஒரு மடக்கு

குன்னூரில் வாராவாரம் நடக்கும் தேயிலை ஏலத்துக்கு முன்னால், தரகு நிறுவனங்களின் ருசிக்கூடங்களில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள். கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, வாயில் ஒரு சுழற்றுச் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார் ருசி பார்ப்பவர். சில நொடிகள்தான். அதற்குள் அந்தத் தேயிலைக்கு ஒரு விலை மனதில் விழுந்துவிடுகிறது.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. வேகமாக உறிஞ்சும்போது டிகாஷன் துளிகளாகச் சிதறி, வாசனை அண்ணத்தின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மெல்லப் பருகினால் துவர்ப்பும் கசப்பும் தெரியும். மணத்தில் பாதி தப்பிவிடும்.

இந்த வேலையில் தலை நரைத்த ஒருவர், புதிதாக வரும் பையன்களுக்கு முதலில் கற்றுத்தருவது தராசையும் கடிகாரத்தையும் கையாள்வதைத்தான். 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 தர விதிப்படி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிநீரில் 6 நிமிடம். வீட்டில் யாரும் இப்படித் தேநீர் போடுவதில்லை. இவ்வளவு கடுப்பாகக் குடிக்கவும் முடியாது. ஆனால் எல்லாக் கிண்ணங்களுக்கும் அளவும் நேரமும் ஒன்றாக இருந்தால்தான், தெரியும் வித்தியாசம் இலையுடையது என்று நம்பலாம்.

“நல்லா இருக்குன்னு எழுதாதே தம்பி. பக்கத்துக் கிண்ணத்தைவிட எதுல நல்லா இருக்குன்னு எழுது” என்பது அவர் அடிக்கடி சொல்வது. இந்தக் கலையின் சாரமே இதுதான் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு தேநீரை எத்தனை முறை குடித்தாலும் நாக்கு அதற்குப் பழகிப்போகிறதே தவிர, கற்றுக்கொள்வதில்லை.

எனவே வீட்டில் பழக விரும்புபவர் குறைந்தது இரண்டு தேயிலைகளை வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் ஊவாவும் நம் நீலகிரியும் அருமையான ஜோடி. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது, வாட்டம் கண்ட கொழுந்தில் மெத்தில் சாலிசிலேட் கூடுகிறது. வலித்தைலங்களில் இருக்கும் அதே பொருள்தான். அந்தக் குளிர்ந்த நெடியை ஒரு முறை பிடித்துவிட்டால் பிறகு மறக்காது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறிக்கும் நீலகிரித் தேயிலையோ மென்மையானது. பூ மணம் கொண்டது.

கிண்ணத்துக்கு முன் இலையைப் பார்க்க வேண்டும். வடித்ததும் ஊறிய இலையைச் சூட்டோடு மோந்தால், நாக்கு பிறகு சொல்லப்போவதில் பெரும்பகுதி அப்போதே தெரிந்துவிடும். செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி. கருகல் வாடை அடித்தால், உலர்த்தும்போது சூடு மிஞ்சியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ருசி பார்ப்பது வீண். சூடு தணிந்தால்தான் நாக்கு வேலை செய்யும்.

மிச்சத்தைக் கொட்டிவிடாமல் ஆறவிடுவது நல்லது. திடமான தேநீர் ஆறியதும் பாலாடை போல் கலங்கும். காஃபினும் தியாஃபிளேவின்களும் சேர்ந்து பிரிவதால் வரும் கலங்கல் இது. கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் ஒதுக்குகிறார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கோ இது தரத்தின் அடையாளம்.

பாலைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் எல்லாவற்றிலும் ஒரே அளவு. சத்துள்ள இலை பாலில் பொன் கலந்த செந்நிறமாக நிற்கும். சத்தற்றது சாம்பல் பூத்துப்போகும்.

தண்ணீரையும் இதேபோல் சோதிக்கலாம். ஒரே இலையை கேன் தண்ணீரில் ஒரு கிண்ணம், உப்பேறிய போர்வெல் தண்ணீரில் ஒரு கிண்ணம் போட்டுப் பார்த்தால், இரண்டாவதில் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஏடு படிந்திருக்கும். கடைக்காரரிடம் தூளை மாற்றித்தரக் கேட்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.