வெளிக்கிடுகிற நேரத்துக் கரைச்சல்

கேள்வி: லண்டன் கம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். பின்னேரம் 5 மணிக்கு வெளிக்கிட, "சின்ன மாற்றம்தான்" என்று செய்தி வரும். வீட்டுக்குப் போனால், "கம்ப்யூட்டர் படிச்சனிதானே, பிரிண்டரைப் பார்" என்கிறார்கள். என்ன செய்ய?
- வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் 5 மணி, லண்டனில் குளிர்காலத்தில் முற்பகல் 11.30, கோடையில் மத்தியானம் 12.30. லண்டன்காரருக்கு அது வேலை சூடுபிடிக்கிற நேரம் தம்பி, குற்றம் மணிக்கூட்டில். புதுக் கோரிக்கைகளுக்கு மாலை 4 மணிதான் எல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பின் வந்தால் நாளைக்கு. "சின்ன" என்பதற்கு மறுமொழி, "மூன்று மணித்தியாலம் பிடிக்கும்." பாதி மாற்றங்கள் அதோடு அவசரமில்லாமல் போய்விடும். 2022இல் இலங்கையில் வந்த 13 மணித்தியால மின்வெட்டுக்குள்ளும் வேலை முடித்த பெடியளுக்கு இது பெரிய காரியமா? பிரிண்டர்? முதலில் வயரைச் செருகிப் பாருங்கள். கூலி, ஒரு பால்தேத்தண்ணி.