ஒரு கேள்விக்கு ஒரு நாளுக்குள் பதில்

மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. வடகிழக்கே கொட்டாம்பட்டி முதல் தென்மேற்கே சேடப்பட்டி வரை, நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் கணிதத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான். ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று அவருக்குத் தயக்கம் வந்தால் பக்கத்து வகுப்பில் போய்க் கேட்க முடியாது. அங்கே இருப்பவர் தமிழோ சமூக அறிவியலோ நடத்துபவர். ஈராசிரியர் பள்ளிகளின் நிலை இன்னும் சிரமம். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புகளுக்கும் மற்றவர்தான்.

இந்தத் தனிமையைப் போக்கத்தான் குறுவள மையக் கூட்டங்கள் வந்தன. 1994இல் நாட்டில் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு வந்த ஏற்பாடு அது. அந்தக் கூட்டங்களில் நான் அதிகம் கற்றுக்கொண்டது தேநீர் இடைவேளையில்தான். “நீங்க இதை எப்படி நடத்துறீங்க?” என்று ஒருவர் கேட்க, நான்கு பேர் சுற்றி நின்று பேசுவார்கள். ஆனால் வகுப்பில் சிக்கல் வருவது செவ்வாய்க்கிழமை. அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பாடமே முடிந்துவிடும்.

கைப்பேசிக் குழுக்கள் இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின் அவை பெருகின. பள்ளிக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, எமிஸ் பதிவுக்கு ஒன்று என்று நம் எல்லோருடைய கைப்பேசியிலும் குவிந்து கிடக்கின்றன. சுற்றறிக்கை உடனே வந்து சேர அவை தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிவம் அனுப்பாதவர்களின் பட்டியல் வருகிற இடத்தில் “இந்தப் பாடத்தை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை” என்று யார் எழுதுவார்?

அதனால் திருமங்கலம், கள்ளிக்குடி ஒன்றியங்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதம் நடத்தும் நாங்கள் சிலர் தனியாக ஒரு குழு தொடங்கினோம். தேநீர் இடைவேளையில் ஏற்கெனவே ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகியவர்களை மட்டுமே முதலில் சேர்த்தோம். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்க முடியும். நாங்கள் 40 என்று வரம்பு வைத்தோம். முகம் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் சந்தேகம் கேட்க யாருக்கும் நா எழாது.

எங்கள் குழுவில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் தசம எண்கள் நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்: “சார், 0.4, 0.35 ரெண்டுல எது பெருசுன்னா வகுப்புல பாதிப் பிள்ளைங்க 0.35ங்கிறாங்க. 35 நாலை விடப் பெருசுதானே டீச்சர்னு கேக்குறாங்க. என்ன செய்யலாம்?”

முதல் பதில் பணத்தை வைத்துச் சொல்லச் சொன்னது: 40 பைசா, 35 பைசா. இன்னொருவர் உடனே மறுத்தார். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. இன்றைய ஏழாம் வகுப்புப் பிள்ளை பைசாவைக் கையில் தொட்டதே இல்லை. மூன்றாமவர் எடைக்குப் போனார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பெற்றோருடன் போகும் பிள்ளைகள் மின்னணுத் தராசில் 0.400, 0.350 என்று பார்த்திருப்பார்கள். 400 கிராம், 350 கிராம் என்று படித்தும் விடுவார்கள். நல்ல வழிதான். ஆனால் வலப்பக்கம் சுழியம் சேர்த்துப் பார் என்பதைப் பிள்ளைகள் வெறும் தந்திரமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று இன்னொருவர் எழுதினார். நூறு சிறு கட்டங்கள் கொண்ட சதுரத்தை வரைந்து நான்கு வரிசைக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள், அது பத்தில் நான்கு, அதாவது 40 கட்டம். பக்கத்தில் இன்னொரு சதுரத்தில் 35 கட்டம் தீட்டட்டும் என்றார்.

அதன்பின் மூத்த ஆசிரியர் ஒருவர் எழுதியதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. தவறாகச் சொன்னவர்களைப் பற்றியே பேசுகிறோம், சரியாகச் சொன்ன பாதிப் பேரையும் சோதித்துப் பாருங்கள் என்றார் அவர். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது. ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் சிறியது என்று நினைக்கும் பிள்ளையும் 0.4தான் பெரியது என்பாள். விடை சரி, காரணம் தவறு. அவளிடம் 0.45, 0.3 கொடுத்தால் 0.3 பெரியது என்பாள். மறுநாள் என் வகுப்பில் அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதினேன். அப்படிச் சொன்ன பிள்ளைகள் என்னிடமும் இருந்தார்கள்.

இந்த உரையாடல் தானாக நடந்துவிடாது. முதன்முறையாகக் கேள்வி கேட்டவருக்கு இரண்டு நாள் யாரும் பதில் சொல்லாவிட்டால் அவர் மறுபடி கேட்க மாட்டார். அதற்காகக் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல நாங்களும் முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் இருவர் பொறுப்பு. வந்த கேள்விக்கு ஒரு நாளுக்குள் அவர்கள் ஏதாவது எழுதியாக வேண்டும். தெரியாவிட்டால் “எனக்கும் இதே சிக்கல்தான், யாராவது சொல்லுங்கள்” என்றாவது எழுத வேண்டும். கேட்பவரும் வகுப்பு, பாடம், பிள்ளை என்ன எழுதினாள் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். வாழ்த்து, விழாப் படங்கள், சுற்றறிக்கை மூன்றுக்கும் இடமில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. குழுவில் பெரும்பாலோர் வீட்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கும் பெண்கள்.

அலுவலர்களை நாங்கள் சேர்க்கவில்லை. எங்கள் வட்டார வள மையத்தினரிடம் முன்பே சொல்லிவிட்டோம். அவர்களும் சரி என்றார்கள். இது அவர்கள் மேல் உள்ள குறையால் அன்று. மேற்பார்வையாளர் அன்பானவராக இருந்தாலும், அவர் பார்க்கிறார் என்றால் கேள்வி மாறிவிடும். பயிற்சிக்குப் பயன்படக்கூடிய கேள்விகளை, கேட்டவர் பெயரை நீக்கி, நாங்களே அவர்களுக்கு அனுப்புகிறோம்.

பிள்ளைகளின் குறிப்பேட்டுப் படத்தில் பெயர் தெரியக் கூடாது. முகம் எந்தப் படத்திலும் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையின் பெயர் நாற்பது பேருக்கு எதற்கு?

கர்நாடகத்தில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். 2011இல் அம்மாநில அரசு, பெங்களூருவிலுள்ள ‘ஐ.டி. ஃபார் சேஞ்ச்’ நிறுவனத்துடன் சேர்ந்து, அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் ‘பாட ஆசிரியர் மன்றம்’ தொடங்கியது. முதலில் கணினி ஆய்வகங்களில் நேரில் கூடிப் பயிற்சி. பிறகு கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடவாரியாக மின்னஞ்சலில் உரையாடல். ஆசிரியர்கள் உருவாக்கிய பாடப்பொருள்களை யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும்படி கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தொகுத்தார்கள். நேரில் கூடுவதை முன்னால் வைத்தார்களே, அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தொகுப்பது எங்களுக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. நல்ல உரையாடல் ஒரு வாரத்தில் கீழே போய்விடும். அடுத்த ஆண்டு அதே கேள்வி மறுபடி வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் கேள்வி பதில்களைப் பாடவாரியாக கூகுள் ஆவணம் ஒன்றில் சேர்க்கிறார். பின்னங்களும் முழுக்களும் நிறைந்துவிட்டன. வடிவியல் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை என்று நான் நம்பவில்லை. படம் வரைந்து கேட்பது கைப்பேசியில் தொல்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

குழுவில் பாதிப் பேர் எதுவும் எழுதுவதில்லை. அவர்களை நீக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது, நான் ஒப்பவில்லை. இணையக் குழுக்களில் பெரும்பான்மையோர் வாசிக்க மட்டுமே செய்வார்கள் என்று யாக்கோப் நீல்சன் 2006லேயே எழுதியிருக்கிறார். எங்கள் குழுவில் ஓராண்டு பேசாமல் இருந்த ஒருவர், தசம எண்களுக்கு வண்ணம் தீட்டிய கட்டத்தாள்களை அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் தங்களையும் சேர்க்கச் சொல்கிறார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் எழும் கேள்விகள் வேறு. எங்கள் கூட்டத்தில் அவை அமுங்கிப் போகும். தனியாகத் தொடங்குங்கள் என்று முறைப் பட்டியலின் நகலைக் கொடுத்திருக்கிறோம். அவர்களில் பதினொரு பேர் வரும் சனிக்கிழமை மாலை ஒரு பள்ளியில் கூடுகிறார்கள். கைப்பேசியில் குழு தொடங்குவது அதற்குப் பிறகுதான்.